பழைய காரின் பிரேக் கலிப்பரை மாற்றுவதும் எயர் எடுப்பதும்: வன்னிக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேசப்போவது 80களிலும் 90களிலும் வந்த ஜப்பான் கார்களைப் பற்றி. கொரோலா, சன்னி, லான்சர் மாதிரியானவை: முன் சில்லுகளில் டிஸ்க் (சில்லோடு சுற்றும் தட்டு), பின் சில்லுகளில் டிரம் (சில்லோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்), சில்லு பூட்டுப்படாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. கலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், எயர் எடுப்பது என்பது பிரேக் ஒயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டு 2025 தொடக்கத்தில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி திறந்தார்கள். இடையில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு அதையே பார்த்துப் பார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை, இப்போதும் பலருக்கு விலை அப்படித்தான் இருக்கிறது. நீங்களே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. கராஜில் பக்கத்தில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று விளங்கினால் போதும்.

கலிப்பர் ஏன் இறுகுகிறது? நான் காரை அதிகம் ஓடுவதே இல்லையே.

ஓடாததால்தான் இறுகுகிறது. பெடலை அமத்தினால் மாஸ்டர் பம்ப் ஒயிலைத் தள்ளுகிறது, ஒயில் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பாட்ஸை (உரசிப் பிடிக்கும் கட்டைகளை) டிஸ்க்கில் அழுத்துகிறது. காலை எடுத்தபின் பிஸ்டனைத் திரும்பி இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது சீல் கொஞ்சம் முறுகும், அழுத்தம் போனதும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு உள்ளே கூட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான் அதன் பலம். பிஸ்டனில் கொஞ்சம் துரு பிடித்தாலே சீலால் இழுக்க முடியாது, பாட்ஸ் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும்.

துரு இரண்டு வழியால் வருகிறது. வெளியே பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால், கோடையில் கிரவல் றோட்டுப் புழுதியும் மாரியில் சேறும் தண்ணீரும் நேரே பிஸ்டனில் போய் உட்காரும். உள்ளே, பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது, வருடக் கணக்கில் மாற்றாத ஒயிலுக்குள் சேர்ந்த தண்ணீர் இரும்பைத் தின்னும். வெளிநாட்டில் இருந்து லீவில் வரும்போது ஓடலாம் என்று கொட்டிலுக்குள் விட்டு வைக்கும் கார்களில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும். அதனால் கலிப்பரை மட்டும் மாற்றிவிட்டு பழைய ஒயிலை அப்படியே விட்டால், புதுக் கலிப்பரும் அதே வழியில்தான் போகும்.

இறுகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக்கே பிடிக்காமல் ஓடும்போது இழுத்தால், உரசிக்கொண்டிருக்கும் சில்லின் பக்கம் இழுக்கிறது என்று எடுக்கலாம். பெற்றோல் வழமையை விட இறங்கும், நியூட்ரலில் விட்டால் கார் முன்பு போல் உருளாது, ஒரு சில்லில் இருந்து கருகிய மணம் வரும். மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சி வரை ஓடிவிட்டு இறங்கி நான்கு சில்லுக்கும் கிட்ட கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம், சுடும். முன் சில்லுகளில் ஒன்று மட்டும் மற்றதை விட நன்றாகச் சூடாக இருந்தால் சந்தேகம் சரி.

கராஜில் பார்த்தவுடனேயே கலிப்பர் மாற்றச் சொல்லிவிட்டார்கள். நம்பலாமா?

சோதித்துவிட்டுச் சொன்னார்களா என்று கேளுங்கள். சில்லு இறுகினால் குற்றவாளி கலிப்பராக இருக்க வேண்டும் என்று இல்லை. மாஸ்டர் பம்ப் ஒயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். கலிப்பருக்கு ஒயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளே பிய்ந்து அடைத்துக்கொண்டிருக்கலாம்: ஒயிலை முன்னால் போக விடும், திரும்பி வர விடாது. வெளியில் இருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே தெரியும். இப்படியான காருக்கு கலிப்பரை இரண்டு தரம் மாற்றினாலும் சில்லு இறுகியே நிற்கும்.

சோதிக்கும் முறை சுலபம். முன் பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஒருவர் பெடலை இரண்டு மூன்று தரம் பலமாக அமத்தி விடட்டும். சில்லு கையால் சுற்றவில்லை என்றால், முதலில் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்து நட்டை சற்றுத் தளர்த்துங்கள். ஒயில் சீறி வந்து சில்லு சுற்றத் தொடங்கினால் பிழை மேலே, மாஸ்டர் பம்ப் பக்கம். சுற்றவில்லை என்றால் அந்த நட்டை இறுக்கிவிட்டு கலிப்பரின் நிப்பிளை, அதாவது எயர் எடுக்கும் சின்னத் திருகை, திறவுங்கள். இப்போது சில்லு விட்டால் ஹோஸ்தான் காரணம். நிப்பிளைத் திறந்து அழுத்தம் எல்லாம் போன பிறகும் சில்லு இறுகி நின்றால் அப்போதுதான் கலிப்பர் என்று சொல்லலாம். அதிலும், பிஸ்டனா அல்லது கலிப்பர் வழுக்கி ஓடும் ஸ்லைட் பின்னா என்று பார்க்க வேண்டும். உள் பக்கத்துப் பாட் தேய்ந்து தகடு தெரிய, வெளிப் பக்கத்துப் பாட் தடிப்பாக இருந்தால் முதலில் ஸ்லைட் பின்னைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லைட் பின் இறுகியிருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் துடைத்து, சரியான கிறீஸ் போட்டு, அந்தப் பின்னின் ரப்பரை மாற்றினால் வேலை முடிந்தது. கலிப்பர் காசு மிச்சம்.

இரண்டு முன் சில்லும் ஒரே மாதிரி இறுகினால் மாஸ்டர் பம்ப் பக்கம் தேடுங்கள். இரண்டு கலிப்பரும் ஒரே நாளில் இறுகுவது அரிது.

ஒரு பக்கம்தான் பழுது. மற்றப் பக்கமும் மாற்ற வேண்டுமா?

கலிப்பர் ஒன்று போதும், மற்றது நல்லபடியாக வேலை செய்தால். பாட்ஸ் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிடி ஒரு பக்கம் கூடும், மற்றப் பக்கம் குறையும். ஹோஸ் இருபது வருடம் பழசு என்றால் அதையும் இந்தச் சாட்டிலேயே மாற்றிவிடுவது நல்லது, எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள்.

புதிது வாங்கவா, பழைய ஜப்பான் சாமான் வாங்கவா, கிட் போட்டுப் பார்க்கவா?

பிஸ்டனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிஸ்டனின் மினுக்கத்தில் குழி இல்லை, வெறும் அழுக்கு மட்டும்தான் என்றால் சீலும் ரப்பர் பூட்டும் உள்ள கிட் போட்டு நன்றாகவே ஓடலாம். சீல் உரசும் இடத்தில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயன் இல்லை. மேல் பூச்சு போய்விடும், மறுபடி துரு வரும், ஒயிலும் கசியும். முல்லைத்தீவுக் கரையோரம் ஓடிய கார்களில் குழி விழுந்த பிஸ்டன்தான் அதிகம், உப்புக் காற்று சும்மா விடாது.

பழைய சாமான் என்றால் வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் போட்டு எடுப்பதுதான் வழமை. கழற்றிய கலிப்பரின் படத்தையும் வாகனத்தின் சேசிஸ் நம்பரையும் அனுப்புங்கள், மொடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே கொரோலாவுக்குள்ளேயே எஞ்சினைப் பொறுத்து கலிப்பர் மாறும். பழைய சாமானாக வந்தால் அதை அப்படியே பூட்ட வேண்டாம். கிட் ஒன்று போட்டுப் பூட்டுங்கள், அது எந்தக் கொட்டிலில் எத்தனை மாதம் கிடந்ததோ.

என்ன ஒயில் ஊற்றுவது? அண்ணை, கடையில் டொட் 3, டொட் 4 என்று இரண்டு சொல்கிறார்கள்.

மாஸ்டர் பம்ப் மூடியில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள், தம்பி. இந்தக் கார்களில் பெரும்பாலும் டொட் 3. டொட் 4ம் ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம், கலந்தாலும் கெடாது. புது டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, டொட் 4 என்றால் 230. ஈரம் உறிஞ்சிய பிறகு டொட் 3க்கு அந்த எல்லை 140, டொட் 4க்கு 155. ஒயில் கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். எங்கள் பக்கம் எல்லாம் சமதரைதானே, மலையகத்து இறக்கமா இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் உரசிக்கொண்டிருக்கும் கலிப்பர் சமதரையிலேயே தன்னைத் தானே சுட்டுக்கொள்ளும், அதற்கு இறக்கம் தேவையில்லை.

டொட் 5 என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள், அது சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது. டொட் 5.1 வேறு, அது 3, 4 குடும்பம்தான். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது.

மூடி திறந்து ஆறு மாதம் தட்டில் கிடந்த போத்தல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சிறிய போத்தலாக, சீல் உடைக்காததாக வாங்குங்கள். நான்கு சில்லுக்கும் முழுதாக மாற்ற ஒரு லீற்றர் வைத்திருந்தால் தட்டுப்பாடு வராது. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முழுதாக மாற்றுவது வழமை.

மண்ணெண்ணெயில் கழுவலாமா? ஐயா அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் செய்வார்.

ஐயாவின் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது, கையில் அகப்பட்டதை வைத்து வாகனத்தை நகர்த்தியவர்கள். ஆனால் எஞ்சினுக்குச் சரிவந்தது பிரேக் ரப்பருக்குச் சரிவராது. மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில், பவர் ஸ்டீயரிங் ஒயில், சாதாரண கிறீஸ் எல்லாம் பிரேக் சீலை ஊதவைத்துவிடும். ஊதிய சீல் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் எதைச் சரிசெய்ய வந்தீர்களோ அதே நோய் திரும்ப வரும். வெளி அழுக்கை சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், உள் பாகங்களை பிரேக் கிளீனராலோ புதுப் பிரேக் ஒயிலாலோ துடையுங்கள். ஸ்லைட் பின்னுக்கு சிலிக்கோன் கிறீஸ், அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் கிறீஸ்.

யாரோ தெரியாமல் மாஸ்டர் பம்புக்கு மேலுள்ள பிரேக் ஒயில் டாங்கிக்குள் எஞ்சின் ஒயில் ஊற்றிவிட்டார்கள் என்றால் கழுவி ஊற்றித் தப்ப முடியாது. மாஸ்டர் பம்ப் ரப்பர், ஹோஸ்கள், கலிப்பர் சீல், பின் சில்லு சிலிண்டர் ரப்பர் என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

என்ன சாமான்கள் தேவை?

ஜக், இரண்டு ஸ்டாண்ட், சில்லு நட்டுச் சாவி. 8, 10, 12, 14, 17 ஸ்பானர்கள், முடிந்தால் றிங் வகை. இரும்புக் குழாய் நட்டுக்கு ஒரு பக்கம் வெட்டுள்ள குழாய் ஸ்பானர் இருந்தால் நல்லது, சாதாரண ஸ்பானர் அந்த மெல்லிய நட்டின் மூலையைத் தின்றுவிடும். பிஸ்டனை உள்ளே தள்ள ஜி கிளாம்ப். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், மீன் தொட்டிக்குப் போடும் குழாய் போதும், நிப்பிளில் இறுக்கமாக நிற்க வேண்டும். ஒரு வெறும் போத்தல். கட்டுக்கம்பி. கம்பித் தூரிகை. இரண்டு புதுச் செப்பு வாசர்: இதை மட்டும் மறந்துவிட்டு வேலை தொடங்காதீர்கள், பின்னேரம் கடை பூட்டிய பிறகுதான் ஞாபகம் வரும்.

வளவில் மண் தரையில் வைத்துச் செய்யலாமா?

மணலில் ஜக் புதையும், மாரியில் செம்மண் இன்னும் மோசம். தடித்த பலகை ஒன்றை ஜக்கின் கீழும் ஸ்டாண்டின் கீழும் போடுங்கள், பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக சீமெந்துக் கல் அடுக்கி அதற்குக் கீழே போய்ப் படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் வெடிக்கும்போது முன்கூட்டிச் சொல்லாது. கழற்றிய சில்லை காரின் அடியில் படுக்க வையுங்கள், அது கடைசிக் காவல்.

இன்னொன்று காற்று. சோளகம் வீசும் மாதங்களில் மத்தியானத்தில் கலிப்பரைத் திறந்தால் புழுதி உள்ளே போகும். காலமை செய்யுங்கள்.

கழற்றும் ஒழுங்கைச் சொல்லுங்கள்.

சில்லு நட்டுகளை சில்லு தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்தி, பிறகு தூக்குங்கள். ஸ்டீயரிங்கை பழுதான பக்கம் வசதியாகத் தெரியும்படி திருப்புங்கள். பழைய பாட்ஸ் தூளை ஊதவோ கொம்பிரசர் காற்று அடிக்கவோ வேண்டாம், பழையவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

எதையும் கழற்ற முன்னர் நிப்பிளையும் ஹோஸ் போல்ட்டையும் ஒரு தரம் தளர்த்திப் பாருங்கள், கலிப்பர் இடத்தில் உறுதியாக நிற்கும்போது அவை விடுவது சுலபம். ஹோஸ் போல்ட் என்று நான் சொல்வது ஹோஸின் நுனியைக் கலிப்பரோடு பூட்டும், நடுவில் துளையுள்ள போல்ட். தளர்த்திவிட்டு கையால் தாங்கும் அளவுக்கு மறுபடி பூட்டுங்கள். பிறகு பின்பக்கத்தில் இருக்கும் ஸ்லைட் போல்ட் இரண்டையும் கழற்றினால் கலிப்பர் வெளியே வரும். வராமல் பிடித்தால் பாட்ஸ் தேய்ந்து டிஸ்க்கில் விளிம்பு உண்டாகியிருக்கிறது, நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டு பிஸ்டனைக் கொஞ்சம் உள்ளே நெம்புங்கள்.

கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கட்டுக்கம்பியால் மேலே ஸ்பிரிங்கில் கட்டுங்கள். எல்லாம் ஆயத்தமான பிறகுதான் கடைசியாக ஹோஸ் போல்ட்டை எடுக்க வேண்டும், அதிலிருந்து ஒயில் சொட்டத் தொடங்கும்.

இதே நேரத்தில் டிஸ்க்கையும் பாருங்கள். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் புதுக் கலிப்பர் போட்டு என்ன பயன்.

ஹோஸைக் கழற்றியதும் ஒயில் எல்லாம் வடிந்துவிடாதா?

வடியும், டாங்கி வெறுமையானால் மாஸ்டர் பம்புக்குள்ளும் எயர் போய் வேலை இரண்டு மடங்காகும். இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. ஹோஸைக் கழற்ற முன்னர் பெடலை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கீழே அமத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு தடியைக் கொடுத்து நிறுத்துங்கள். மாஸ்டர் பம்ப் பிஸ்டன் சற்று முன்னால் போய் டாங்கியில் இருந்து ஒயில் வரும் துளையை மூடிவிடும். சொட்டுவது நின்றுவிடும். பிரேக் லைற் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் லைற்றின் பியூசைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் பற்றரியும் இறங்கிவிடும்.

நிப்பிள் அசைகிறதே இல்லை.

பலம் போடாதீர்கள், முறியும். துருவுக்கு அடிக்கும் ஒயிலை முதல் நாள் இரவே அடித்து ஊறவிட்டு, காலமை சுத்தியலால் மெல்ல மெல்ல தலையில் தட்டி, ஆறு மூலைச் சொக்கற் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். கலிப்பரையே எறியப்போகிறீர்கள் என்றால் அதன் நிப்பிளுக்காக மாய வேண்டாம். மற்றச் சில்லுகளில் எயர் எடுக்கும்போதுதான் இது முக்கியம்.

பூட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பிராக்கெற்றில் பாட்ஸ் உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் வெளிறும் வரை தேய்த்துவிடுங்கள். துருப் படிந்த இடத்தில் புதுப் பாட்ஸை அடித்து ஏற்றினால் அது அங்கேயே சிக்கி நிற்கும், பிறகு கலிப்பர் கூடாது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். டிஸ்க்கில் கை எண்ணெய், கிறீஸ் எதுவும் இல்லாமல் பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஸ்லைட் பின் விரலால் தள்ளினால் வழுக்கி ஓட வேண்டும்.

ஹோஸ் நுனிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புதுச் செப்பு வாசர். பழைய வாசர் ஒருதரம் நசுங்கியது, மறுபடி சரியாக அடைக்காது. ஹோஸ் முறுகாமல், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் சில்லில் முட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் போல்ட்டுக்கு சுமார் 30 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். கொரோலா சில்லு நட்டுக்கு 103. நிப்பிளுக்கு இன்னும் குறைவு, சின்ன ஸ்பானரால் மணிக்கட்டுப் பலம் மட்டும்.

எல்லாம் பூட்டி எவ்வளவு எயர் எடுத்தும் பெடல் வரவே இல்லை. என்ன பிழை?

நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? முதல் கேள்வி இதுதான். பல கார்களில் இடது கலிப்பர் வலது பக்கமும் அழகாகப் பூட்டுப்படும், போல்ட் எல்லாம் சரியாக வரும், ஆனால் நிப்பிள் தலைகீழாகக் கீழே போய்விடும். எயர் எப்போதும் மேலே நிற்கும், கீழே இருக்கும் நிப்பிளால் ஒயில் மட்டும்தான் வரும். நாள் முழுக்க அமத்தினாலும் மேலே தேங்கிய எயர் அசையாது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுபவர்கள் பெட்டிகளில் இடது, வலது என்று முதலே எழுதி வையுங்கள். கடையில் தந்த பெட்டியில் எழுதியிருப்பதை விட நிப்பிளின் இடத்தை நம்புங்கள்.

எயர் எடுப்பது எப்படி?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலில், மற்றவர் சில்லடியில். உள்ளே இருப்பவர் அவசரப்படாதவராக இருக்க வேண்டும், சில்லடியில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மச்சான் இதற்கு ஆள் இல்லை.

பெடலுக்குக் கொடுத்த தடியை எடுத்துவிட்டு டாங்கியை மேல் கோடு வரை நிரப்புங்கள். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள், பெடல் தரை வரை போகாதபடி. ஏன் என்றால், நாளாந்தம் பெடல் பாதி வழிதான் போய்வருகிறது, மாஸ்டர் பம்புக்குள் மீதிப் பாதியில் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். எயர் எடுக்கும்போது முழுதாக அமத்தினால் சீல் அந்தக் கரடுமுரடில் ஏறிக் கிழியும். கலிப்பர் மாற்றப் போய் மாஸ்டர் பம்பும் போய்விட்டது என்று புலம்புவோர் கதை பெரும்பாலும் இதுதான்.

குழாயின் ஒரு நுனியை நிப்பிளில் மாட்டி, மறு நுனி போத்தலில் கொஞ்சம் ஊற்றிய ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். பிறகு:

"அமத்து."
"அமத்திட்டன்."

பெடல் அமத்திப் பிடித்திருக்கும்போது நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஒயிலும் குமிழியும் வரும், பெடல் கீழே இறங்கும். இறங்கி நிற்கும்போதே நிப்பிளைப் பூட்டுங்கள்.

"விடு."

இந்த ஒழுங்கு மாறக் கூடாது. நிப்பிள் பூட்டுவதற்கு முன்னர் காலை எடுத்தால் எடுத்த எயர் திரும்ப உள்ளே போகும். மெதுவாக அமத்துங்கள், பட பட என்று அடித்தால் எயர் சின்னச் சின்னக் குமிழியாக உடைந்து ஒயிலோடு கலந்து வெளியே வர மாட்டாது. நாலைந்து தரத்துக்கு ஒருமுறை டாங்கியைப் பாருங்கள், ஒயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். குழாயில் குமிழி நின்று, ஒயில் நிறமும் தெளிந்து வரும் வரை தொடருங்கள். போத்தலில் விழுந்த ஒயிலைத் திரும்ப டாங்கியில் ஊற்றுவது வேண்டாம், புதுசு மாதிரித் தெரிந்தாலும்.

பழைய ஒயில் கறுப்பாக, தேநீர்ச் சாயம் போல வந்தால் அந்தச் சில்லோடு நிறுத்தாமல் நான்கையும் மாற்றிவிடுங்கள். மேலே சொன்னேனே, கலிப்பரைத் தின்றது அந்த ஒயில்தான்.

எந்தச் சில்லில் தொடங்குவது?

டாங்கி வெறுமையாகாமல் ஒரு கலிப்பர் மட்டும் மாற்றினால் அந்தச் சில்லில் எயர் எடுத்தாலே அநேகமாகப் போதும். முழு ஒயிலும் மாற்றுவதானால் மாஸ்டர் பம்புக்குத் தூரமானதில் தொடங்குவது பொது வழக்கம். எங்கள் கார்களில் ஸ்டீயரிங் வலது பக்கம், மாஸ்டர் பம்பும் வலது பக்கம், எனவே பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில கார்களில் பிரேக் குழாய் குறுக்காக ஓடும், அவற்றுக்கு ஒழுங்கு வேறு. கைநூல் இருந்தால் அதன்படி போங்கள்.

தனியாகத்தான் நிற்கிறேன். உதவிக்கு ஆள் இல்லை.

ஊற விடுங்கள். டாங்கி மூடியைத் திறந்து, நிரப்பி, நிப்பிளைத் திறந்து குழாயைப் போத்தலில் விட்டால் ஒயில் தன் பாரத்தில் இறங்கி எயரையும் கூட்டிக்கொண்டு வரும். மெதுவாக இறங்கும், டாங்கியை மட்டும் கவனித்து ஊற்றிக்கொண்டிருங்கள். கலிப்பரை ரப்பர் சுத்தியலால் இடைக்கிடை தட்டினால் உள்ளே ஒட்டிய குமிழி விடும். கடைசியில் யாராவது வரும்போது மேலே சொன்ன ஒழுங்கிலேயே பெடலை நாலு தரம் அமத்தச் சொல்லி முடியுங்கள்.

எயர் எல்லாம் போய்விட்டது, ஆனாலும் பெடல் சரியில்லை.

எப்படிச் சரியில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் இன்னும் எயர் இருக்கிறது, அல்லது பழைய ஹோஸ் அமத்தும்போது ஊதுகிறது. முதல் அமத்தில் கீழே போய், உடனே இரண்டாவது தரம் அமத்தினால் மேலே வந்து உறுதியாக நின்றால் பின் டிரம்மில் சூ (டிரம்மின் உள்ளே உரசும் கட்டை) தளர்ந்திருக்கிறது, அட்ஜஸ்ற் பண்ண வேண்டும். இதை எயர் என்று நினைத்து ஒரு லீற்றர் ஒயிலை வீணாக்குபவர்கள் அதிகம். காலை வைத்து அமத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியில் எங்கும் கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் பம்ப் சீல் போய்விட்டது. பெடல் மேலே நின்று கல் மாதிரி இறுக்கமாக, கார் நிற்க மறுத்தால் காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்ரரைப் பாருங்கள்: எஞ்சின் நின்றிருக்க நாலைந்து தரம் அமத்தி, அமத்தியபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள், பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும்.

முதல் ஓட்டம்?

காரை அசைக்க முன்னர் பெடலை அமத்துங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளி இருக்கிறது, முதல் அமத்துகளில் பிரேக் இருக்காது. பெடல் உறுதியாகும் வரை நின்ற இடத்திலேயே அமத்தி, டாங்கியைப் பார்த்து, ஹோஸ் போல்ட்டடியில் கசிவு இல்லை என்று கண்ட பிறகு வளவுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடி நிறுத்திப் பாருங்கள்.

பாட்ஸ் டிஸ்க்கில் படிவதற்கு, பரந்தன் முல்லைத்தீவு வீதி போல நேரான, ஆள் குறைந்த துண்டு ஒன்றில் மணிக்கு 50 கிலோமீற்றரில் இருந்து 10 வரை அளவான பலத்தில் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இப்படி எட்டுப் பத்துத் தரம் செய்யுங்கள். முழுதாக நிறுத்தி அமத்திப் பிடித்திருக்க வேண்டாம். பின்னால் வருபவருக்கு உங்கள் பரிசோதனை தெரியாது, கண்ணாடியைப் பாருங்கள். பகலில் செய்யுங்கள். இரவானால் சூட்டுக்கு மாடுகள் வந்து தார் றோட்டில் படுக்கும், புதுப் பாட்ஸை மாட்டில் சோதிக்கக் கூடாது.

ஒயில் பெயின்றில் பட்டுவிட்டது.

துடைக்க வேண்டாம், தேய்த்தால் பரவும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரில் கரையும், ஆனால் காத்திருந்தால் பெயின்றை உரித்துவிடும்.

எடுத்த பழைய ஒயிலை வேலிக் கட்டைக்குப் பூசலாமா, கறையானுக்கு?

பழைய எஞ்சின் ஒயில் பூசும் பழக்கத்தில் கேட்கிறீர்கள். பிரேக் ஒயில் நஞ்சு, தண்ணீரில் கரைவதால் அடுத்த மழையோடு கழுவுண்டு கிணற்றுப் பக்கம் போகும். எஞ்சின் ஒயிலோடு கலக்காமல் மூடிய போத்தலில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வைத்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் தனியாகவே கொடுங்கள். சோடாப் போத்தலில் வைக்காதீர்கள், யாராவது குடித்துவிடுவார்கள்.

எப்போது நாங்களே செய்யாமல் கராஜுக்குப் போக வேண்டும்?

இரும்புக் குழாயில் துரு செதிலாக எழும்பியிருந்தால், குழாய் நட்டு சுற்றும்போது குழாயும் சேர்ந்து சுற்றினால், காரில் ஏபிஎஸ் இருந்து அதன் பெட்டிக்குள் எயர் போயிருந்தால். பின் சில்லிலும் டிஸ்க் உள்ள கார்களில் கைப்பிரேக்கோடு சேர்ந்த கலிப்பரின் பிஸ்டன் கிளாம்ப் போட்டுத் தள்ளினால் போகாது, சுற்றித்தான் உள்ளே விட வேண்டும். தெரியாமல் அமுக்கினால் உள் பொறிமுறை உடையும்.

எங்களிடம் இருப்பது மொறிஸ் மைனர். அதற்கும் இதே முறைதானா?

அதில் கலிப்பரே இல்லை, நான்கு சில்லும் டிரம். மாஸ்டர் பம்ப் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது, ஒயில் ஊற்ற விரிப்பைத் தூக்கி தரையில் உள்ள மூடியைத் திறக்க வேண்டும். திறக்க முன்னர் சுற்றிவர உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே விழும். எயர் எடுக்கும் ஒழுங்கு அதேதான், ஆனால் முதலில் சூக்கள் எல்லாவற்றையும் சரியாக அட்ஜஸ்ற் பண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.